பாதி துஆ

கம்பத்தில் ஆனி பிறந்துவிட்டால் கதவுகள் தாமாகவே சாத்திக்கொள்ளும். அதனால்தான் வாசல் கதவுக்கு அம்மிக் குழவியை அண்டக் கொடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது காலில் தட்டியிருக்கும். பார்த்து உட்கார் பல்கீஸ். உன் குமுளியில் இந்தக் காற்று கிடையாது, மழைதான். மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிட்டு, வெறும் காற்று மட்டும் நம் பள்ளத்தாக்குக்குள் வருகிறது. திராட்சைப் பந்தல்களை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, பிறகு தெருவுக்குள் நுழைந்து ஒவ்வொரு கதவாக அடித்துப் பார்க்கிறது.

டீயைக் குடி. நீ கொண்டுவந்த சேலை அங்கேயே இருக்கட்டும். எதற்காக அதைக் கொடுக்கிறாய் என்று தெரியும். உன் அம்மாவின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்து, பிழை பொறுக்கத் தேடும் துஆவை ஓதி, கலிமாவைச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவைத்தவள் என்று கொடுக்கிறாய். நான் பேசி முடித்த பிறகு, அதைக் கொடுப்பதா எடுத்துக்கொண்டு போவதா என்று நீயே முடிவு செய்துகொள்.

நான் மக்காவுக்கு உம்ரா போகப் போகிறேன். போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிழை பொறுக்கக் கேட்டுவிட்டுப் போவது நம் வழக்கம். மற்ற வீடுகளுக்கெல்லாம் நானே போய்வந்தேன். உன்னை மட்டும் இங்கே வரச் சொன்னேன். உன் அண்ணன் வீட்டில் வைத்து இதைப் பேச முடியாது. அந்த வீட்டுக்குள் நுழைந்தால் என் கண் நேராக அந்தப் பச்சைக் கதவுக்குத்தான் போகிறது.

நீயும் என் பாயில் உட்கார்ந்து ஓதியவள்தான். அலிஃபிலிருந்து குர்ஆன் முடிக்கும்வரை என்னிடம் ஓதினாய். ஓதலுக்கு நடுவே நான் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கும். அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் உள்ள பாவத்தை அவன் நாடினால் மன்னிப்பான். மனுசருக்கு மனுசர் செய்ததை, அந்த மனுசர் பொறுக்காதவரை அவன் பொறுப்பதில்லை. பிள்ளைகள் இதைக் கேட்டதும் அடுத்தவள் பென்சிலை எடுத்தவள் அவசரமாகத் திருப்பிக் கொடுப்பாள். நானும் சிரிப்பேன். அந்தச் சட்டம் எவ்வளவு பெரிய அதிகாரத்தைப் பாதிக்கப்பட்டவர் கையில் கொடுக்கிறது என்று அப்போது நான் யோசித்ததில்லை.

யாஸ்மின் மவுத்தானபோது நீ பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு குமுளியில் இருந்தாய். உனக்கு ஊர் சொன்னது மட்டும்தான் தெரியும். என் ஒரே மகள், உன் அண்ணன் அஸ்லமுக்குக் கட்டிக்கொடுத்தவள், வயிற்றுப் பிள்ளையோடு வலிப்பு வந்து, தேனி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போய்விட்டாள். நஸீப், தலையெழுத்து. துக்கம் கேட்க வந்தவர்களிடம் நானும் அதையே சொன்னேன்.

ஆனால் இந்த ஊரில் மவுத்தான பெண்களின் மய்யித்துகளைக் குளிப்பாட்டுகிறவளும் நான்தான். என் மகளையும் நானே குளிப்பாட்டினேன். வலது கை நகங்களுக்குள் பச்சைப் பெயிண்ட் இருந்தது. உங்கள் வீட்டு அறைக் கதவின் பச்சை. ஈர்க்குச்சியால் மெதுவாக எடுத்து, நகம் நகமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். தண்ணீர் ஊற்றிக் கொடுத்த பெண் அதைக் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று தெரியாமல் என்ன சொல்வது?

அப்புறம் சில வருசங்கள் போயின. அஸ்லம் ரிஸ்வானாவைக் கட்டினான். நான் போய் வாழ்த்திவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தேன். உன் அம்மா சாஜிதாவும் நானும் தெருவில் பார்த்தால் சலாம் சொல்லிக்கொள்வோம். அவள் என் கண்ணைப் பார்க்க மாட்டாள், என் காதைப் பார்த்துப் பேசுவாள்.

பிறகு அவளுக்கு ஹஜ் கிடைத்தது. பெண்கள் கூட்டத்தோடு வீடு வீடாகப் பயணம் சொல்லிக்கொண்டு வந்தாள். எல்லா வீட்டிலும் ஒரே வாக்கியம்தான். "அல்லா அழைச்சுட்டான். தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது பிழை செஞ்சிருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்கங்க." கேட்டவர்கள் அதற்குப் பதிலாகத் தங்கள் குறைகளை அவள் தலையில் ஏற்றி அனுப்பினார்கள்.

"எம் மருமவனுக்கு நல்ல புத்தியக் குடுன்னு கேளுங்க மாமி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"புத்தி இல்லாமலா ஒம் மவளக் கட்டுனான்?"

"அதான் மாமி கேக்கச் சொல்றேன்."

தெருவே சிரித்தது. எதிர்வீட்டு இன்னாசியம்மாளும் வாசலுக்கு வந்து நின்றாள். அவளிடமும் உன் அம்மா அதே வாக்கியத்தைச் சொன்னாள். இன்னாசியம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒங்க மவன் வண்டிய ஏத்திக் கொன்னாருல்ல எஞ் செவலக் கோழிய, அதுக்கு நான் மனசார மன்னிச்சுட்டேன். முட்டையிடுற கோழி அது. போயிட்டு வாங்க. பேரீச்சம்பழத்த மட்டும் மறந்துறாதீக" என்றாள். மறுபடி சிரிப்பு.

அடுத்து என் வாசல். வாக்கியத்தைச் சொன்னாள்.

நான் கேட்டேன். "இன்னாசியம்மாவுக்குக் கோழின்னு தெரியுது. எனக்கு எதுன்னு சொல்லுங்க சம்மந்தி. தெரிஞ்சாத்தான பொறுக்க முடியும்."

கூட வந்தவர்கள் அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஓதிக்கொடுக்கிறவள் சட்டம் பேசுகிறாள் என்று ஒருத்தி சொன்னாள். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முதல் முறையாக என் கண்ணைப் பார்த்தாள்.

பயணத்துக்கு முந்தைய நாள், பிள்ளைகள் ஓதிவிட்டுப் போன பிறகு தனியாக வந்தாள். நீ இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவளே சொன்னாள்.

"அன்னைக்குப் பெரியகுளத்துல கல்யாணம். அஸ்லம் சரக்கேத்திக்கிட்டுக் கொச்சிக்குப் போயிட்டான். இவ தலை வலிக்குது, கண்ணு மங்குதுன்னா. அதுக்கு மொத வாரந்தான் சொல்லாமக் கொள்ளாம ஒங்க வீட்டுக்கு வந்துட்டா. மறுபடியும் கெளம்பிருவாளோன்னு ரூமுக்கு வெளித் தாப்பாளப் போட்டேன் சம்மந்தி. போனை எடுத்து ஃபிரிஜ்ஜு மேல வச்சேன். வாசல் எறங்குறப்ப கதவத் தட்டுனா. கேட்டுச்சு. கல்யாணத்துக்குப் போகவிடாம நடிக்கிறான்னு நெனச்சேன். வந்து தொறந்தப்ப வாசப்படிகிட்டக் கெடந்தா. அஸ்லம் கேட்டப்ப, கதவு தொறந்துதான் கெடந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

இன்னும் ஒன்று சொன்னாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் சுருட்டிய பாயைச் சுவரில் சாய்த்து வைத்தேன். "பொறுத்தேன்" என்றேன். நல்ல தெளிவான குரலில்தான் சொன்னேன். அவள் எழுந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தலையில் தேங்காய் எண்ணெய் மணந்தது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். மறுநாள் ஊரே திரண்டு அவளை வேன் ஏற்றிவிட்டபோது நானும் கையசைத்தேன்.

நாக்கு சொல்வது ஒன்று, உள்ளே கல்பு சொல்வது ஒன்று. மனசில் நிய்யத் இல்லாத தொழுகை தொழுகையாகாது என்று சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்பவள் நான். என் கல்பு பொறுக்கவில்லை என்பது எனக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும். அவளுக்குத் தெரிய வேண்டிய நேரம் வரும் என்று இருந்தேன். எனக்கு அவசரம் இருக்கவில்லை.

ஹஜ்ஜிலிருந்து அவள் வேறு ஆளாகத் திரும்பினாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். முகத்தில் ஒரு தெளிச்சல். ஊரில் பெண்கள் அவள் கையைப் பிடித்து முத்தினார்கள். எனக்கு ஜம்ஜம் தண்ணீரும் தொழுகைக்கு விரிக்க ஒரு முசல்லாவும் கொண்டுவந்தாள். வாராவாரம் ஜும்மா முடிந்ததும் என்னிடம் வந்து உட்கார்ந்து, சையிதுல் இஸ்திக்ஃபாரைப் பாடம் கேட்டாள். பிழை பொறுக்கத் தேடும் துஆக்களுக்கெல்லாம் தலையான துஆ. காலையில் உறுதியோடு ஓதியவர் மாலைக்குள் மவுத்தானால் சொர்க்கவாசி, மாலையில் ஓதியவர் விடிவதற்குள் போனால் சொர்க்கவாசி. வயசான காலத்தில் பாடம் ஏறாது. பாதிவரை வருவாள், அப்புறம் திணறுவாள்.

"பாதிக்கு மேல வரமாட்டேங்குது சம்மந்தி. எங் கடைசி நேரத்துல நீங்கதான் எங் காதுல முழுசா ஓதணும். வேற யாரு ஓதுனாலும் எனக்கு நெறையாது."

"இன்ஷா அல்லா" என்றேன்.

பார், கேட்டது அவள்தான். நானாகப் போய் நிற்கவில்லை.

அவளுக்கு ஒரு பக்கம் விழுந்து பேச்சுப் போனபோது ரிஸ்வானா ஓடிவந்தாள். "பெரியம்மா, மாமி கண்ணாலயே யாரையோ தேடுறாக. நாங்க ஒவ்வொரு பேராச் சொன்னோம். ஒங்க பேரச் சொன்னதும் கண்ண மூடித் தொறந்தாக." அப்படித்தான் அவள் பேசுவது என்று ஏற்பாடாகிவிட்டது. ஆமாம் என்றால் கண்ணை மூடித் திறப்பாள். இல்லை என்றால் அப்படியே பார்த்துக்கொண்டிருப்பாள். வலது கையும் காலும் மரக்கட்டை. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுப் போனேன். நல்லபடியாகத்தான் போனேன், ஒரு நாளும் தவறவில்லை. அறைக்குள் ஆள் சத்தம் இருந்தால் மனசு ஒன்றாது என்று சொல்லி, பச்சைக் கதவைச் சாத்திக்கொள்வேன். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஓதிக்கொடுக்கிறவள் சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்தார்கள்.

துஆவைச் சத்தமாக ஆரம்பிப்பேன், ஹாலில் இருப்பவர்களுக்குக் கேட்கும். அரபியில் ஒரு வரி, அவளுக்காகத் தமிழில் ஒரு வரி. யா அல்லாஹ், நீயே என் ரப்பு. உன்னைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை. நீயே என்னைப் படைத்தாய், நான் உன் அடிமை. நான் செய்தவற்றின் தீங்கிலிருந்து உன்னிடம் காவல் தேடுகிறேன். நீ எனக்குச் செய்த அருள்களை ஒப்புக்கொள்கிறேன். இங்கே வரும்வரை ஓதுவேன். அடுத்த வரி உனக்குத் தெரியும். என் பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன், ஆகவே என்னை மன்னிப்பாயாக.

அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன்.

முதல் நாள் அவள் காத்திருந்தாள். எனக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்திருப்பாள். நான் அவள் காதுப் பக்கம் குனிந்து, வெளியே கேட்காதபடி, மீதியைச் சொல்ல முடியாத காரணத்தைச் சொன்னேன். "அன்னைக்கு நான் பொறுக்கல சம்மந்தி. வாயிதான் சொல்லுச்சு. நீங்க மக்காவுல போயிச் சுத்துனது, அழுதது, சைத்தானுக்குக் கல்லெறிஞ்சது எல்லாம் ஒங்களுக்கும் அல்லாவுக்கும் நடுவுல. எங் கணக்கு அப்படியே இருக்கு." அவள் கண் பெரிதாக விரிந்தது. நான் முந்தானையால் அவள் வாயோரத்தைத் துடைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மனசுக்குள்ளேயே அவள் மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று நீ நினைக்கலாம். கேட்டிருப்பாள். ஆனால் அந்தக் கேள்வி அல்லாஹ்விடம் போனாலும் என்னிடம்தானே திரும்பி வரும்? அவளுக்கும் அது தெரியும். அவள் பயந்தது அதற்குத்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பாதி துஆ, பிறகு யாஸ்மினைப் பற்றி ஏதாவது ஒன்று. பல் விழுந்த வயதில் குல்ஹுவல்லாஹுவை எப்படி விசில் சத்தத்தோடு ஓதுவாள் என்று ஒரு நாள். திராட்சைக் கொட்டையைத் துப்ப மாட்டாள், வயிற்றில் கொடி முளைக்கும் என்று நான் பயமுறுத்தினால் முளைக்கட்டும் என்பாள் என்று ஒரு நாள். இருட்டு என்றால் பயம், கதவைச் சாத்தினால் அழுவாள் என்று ஒரு நாள். எதிலும் பொய் இல்லை, கோபமும் இல்லை. ஒரு சம்பந்தி இன்னொரு சம்பந்திக்குச் சொல்லுகிற மாதிரிதான் சொன்னேன். உன் அம்மா இடது கையைத் திருப்பி, உள்ளங்கை மேலே தெரிய, என் மடியில் வைப்பாள். பிச்சை கேட்கிற கை மாதிரி இருக்கும். அதை எடுத்துப் போர்வைக்குள் வைத்துவிட்டு வருவேன்.

ஒரு கட்டத்தில் கஞ்சி இறங்கவில்லை. ரிஸ்வானா சொன்னாள், "நீங்க வந்துட்டுப் போனா மாமி அழுதுக்கிட்டே இருக்காக பெரியம்மா. தலகாணி நனைஞ்சு போவுது. தவ்பா கபூலாகி அல்லா மன்னிச்சுட்டா அப்படித்தான் அழுகை வரும்னு எங்கம்மா சொன்னாக." ஆமாம் என்றேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடம்பில் புதிதாக ஒன்றும் இல்லை, ஏன் சாப்பிட மறுக்கிறார்கள் என்று தெரியவில்லை என்று சொன்னார். டியூப் போடலாமா என்று அஸ்லம் என்னிடம் வந்து யோசனை கேட்டான். அவர்களைச் சிரமப்படுத்த வேண்டாம், அல்லாஹ் நாடியபடி நடக்கட்டும் என்று சொன்னேன். அவனுக்கு அது ஆறுதலாக இருந்தது.

இனி அந்தக் கடைசி நாள். உனக்கு அது கதவுக்கு வெளியே நடந்தது. உள்ளே நடந்ததைச் சொல்கிறேன்.

மூச்சு மாறிவிட்டது என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போனபோது ஹாலில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். மலைப்பாதையில் மரம் விழுந்து உன் பஸ் நின்றுவிட்டது, நீ நடந்தும் ஜீப் பிடித்தும் லோயர் கேம்ப் வரை வந்துவிட்டாய், அஸ்லம் வண்டி எடுத்துக்கொண்டு உன்னைக் கூட்டிவரப் போயிருக்கிறான் என்று ரிஸ்வானா சொன்னாள். "மதினி வர்ற வரைக்கும் தாங்குமா பெரியம்மா?" என்று கேட்டாள். தாங்கும் என்றேன். எத்தனையோ மவுத்தைப் பார்த்தவள் நான், தாங்கும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அன்றைக்குத் தாழ்ப்பாளும் போட்டேன். காற்றுக்குக் கதவு அடித்துக்கொண்டிருந்தது, அதுவும் ஒரு காரணம்.

துஆவை ஆரம்பித்து, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினேன். அவளுக்கு நினைவு இருந்தது. கண் தெளிவாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம், செருப்பு உதறும் சத்தம், அப்புறம் என்னைக் கூப்பிடும் உன் குரல். "மாமி, நான் பல்கீஸ் வந்துட்டேன். கதவத் தெறங்க மாமி." நீ கதவைத் தட்டினாய். உன் அம்மாவுக்கு அது கேட்டது. கண் கதவுப் பக்கம் போயிற்று. இடது கை விரிப்பைப் பிறாண்ட ஆரம்பித்தது.

"ஓதிக்கிட்டிருக்கேன் ஆத்தா. நடுவுல நிறுத்தக் கூடாது. கொஞ்சம் இரு" என்றேன்.

நீ தட்டுவதை நிறுத்திவிட்டாய். கதவுக்கு அந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டே ஓதினாய். ஓதும்போது குறுக்கிடக் கூடாது என்று இந்தப் பாயில் வைத்து உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. நல்ல மாணவி நீ.

இப்போது, அவள் ஹஜ்ஜுக்கு முந்தைய நாள் சொன்ன அந்த இன்னொன்றைச் சொல்கிறேன். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்னைச் சமாதானப்படுத்துகிறவள் போலச் சொன்னாள்.

"தாப்பாளப் போடுறதுக்கு முன்னாடி நான் கேட்டேன் சம்மந்தி. இம்புட்டு வலிக்குதுன்னா ஒங்கம்மாவுக்குப் போனப் போடவா, வந்து இருந்துக்கிருவாகன்னு. அவதான் வேணாம்னா. எங்கம்மாவக் கூப்புடாதீங்க மாமி, அவுக வந்தா ஒங்க பக்கந்தான் பேசுவாக, எனக்கு அது தாங்காதுன்னா."

இதுதான் அவள் சொன்னது. இது பொய். எதற்காக இதைச் சேர்த்தாள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பழியில் பாதியை என் மடியில் இறக்கிவைக்கத்தான். அதற்கு முந்தைய வாரம் யாஸ்மின் வீங்கிய காலோடு இங்கே வந்தது உண்மை. அடுத்த நாளே நான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டுபோய் உங்கள் வீட்டில் விட்டதும் உண்மை. ஓதிக்கொடுக்கிறவள் மகள் வாழாமல் வந்து உட்கார்ந்தாள் என்று பேர் வந்துவிடக் கூடாது. எந்தத் தாயும் செய்வதுதான் அது. ஆட்டோவில் அவள் என் தோளில் சாயவில்லை, வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தலைவலி, அதனால்தான். இறங்கும்போது சலாம் சொன்னாள். என்னிடம் கோபம் இருந்தால் சலாம் சொல்லியிருப்பாளா?

தாழ்ப்பாள் போட்டதைக்கூட நான் ஒருவேளை பொறுத்திருப்பேன். அந்த ஒரு வாக்கியத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

அதனால் உன் அம்மாவுக்கு நான் ஒரு வழி வைத்தேன். அநியாயமாக எதுவும் கேட்கவில்லை. காதில் சொன்னேன். "ஒங்க மக வெளிய நிக்கிறா. கதவத் தெறக்குறேன். துஆவ முழுசா ஓதுறேன். கல்பால பொறுக்குறேன், இது சத்தியம். ஒரே ஒரு காரியம். யாஸ்மின் அப்படிச் சொல்லலன்னு கண்ண மூடிக் காட்டுங்க. நீங்களாச் சேத்ததுன்னு ஒப்புக்கங்க. கண்ண ஒரு தடவ மூடித் தெறந்தாப் போதும்."

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரியவில்லையோ என்று மறுபடி கேட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே உன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, உள்ளே மூச்சு தேய்ந்துகொண்டு வந்தது. இமை மட்டும் அசையவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது, அப்போதும் மூடவில்லை. சாகிற நேரத்தில் ஒரு மனுசிக்கு அவ்வளவு பிடிவாதம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கேட்டது சின்னக் காரியம். பெற்ற மகளும் பெறப்போகிற சொர்க்கமும் ஒரு இமையசைப்புக்கு அந்தப் பக்கம்தான் இருந்தன.

கலிமாவும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் பதிலுக்காகக் காத்திருந்தேன். அப்படியே போய்விட்டாள்.

உடனே கதவைத் திறக்கவில்லை. அவள் வலது கை ஆட்காட்டி விரலை நிமிர்த்தி, கலிமாவுக்கு நீட்டியது போல வைத்தேன். நீங்கள் எல்லோரும் பார்த்து அழுதீர்களே, செத்துக் கிடந்த கையில் விரல் நீண்டுவிட்டது, இது கராமத், அற்புதம் என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனதே, அந்த விரல். இன்னாசியம்மாள்கூட வந்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். உங்களுக்கு ஒரு ஆறுதல் வேண்டியிருந்தது, என்னால் முடிந்ததைச் செய்தேன்.

பிறகு கண்களை மூடினேன். உள்ளங்கையால் மேலிருந்து கீழே, ஒரே முறை. மூடிய பிறகு அவை திறக்கவில்லை. நான் கேட்டதும் அதுதானே. மூடினால் ஆமாம் என்று பொருள் என்பது உங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஆகவே அவள் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

இப்போது காலையிலும் மாலையிலும் அந்தத் துஆவை எனக்காக ஓதுகிறேன். பாதியில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. ஆனிக் காற்றில் தூசி அதிகம், தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உன் அம்மா மாதிரியே பார்க்கிறாய். டீ ஆடை கட்டிவிட்டது. நான் அவளைப் போல மொட்டையாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போகவில்லை, ஒன்றையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா இல்லை என்றான பிறகு பொறுக்கிற உரிமை உன் கைக்கு வந்திருக்கிறது. அன்றைக்குக் கதவுக்கு வெளியே உட்காரவைத்த வகையில் உனக்கென்று ஒரு பங்கும் இருக்கிறது. நாளைக்கு வேன் வருகிறது. குழவியை நகர்த்தாதே, கதவு அடித்துக்கொள்ளும். இப்படி வந்து என் பக்கத்தில் உட்கார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது பிழை செஞ்சிருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்க ஆத்தா. பொறுத்தேன்னு சொல்லு. வாயால சொன்னாப் போதும்."